கரண்ட் போவதற்குள்

பாம்புக்கடி கேஸ் வந்தால் எனக்குக் கை நடுங்காது. கல்வராயன் மலையிலிருந்து அடிக்கடி வருவார்கள். என்ன செய்ய வேண்டும் என்று என் கைகளுக்கே தெரியும். பூச்சிமருந்து குடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அப்படித்தான். நான் பயப்படுவது ஒரு சின்ன ஆம்பியூலைப் பார்த்து. பொட்டாசியம் குளோரைடு என்று பெயர். பார்ப்பதற்குப் பச்சைத்தண்ணீர் மாதிரி இருக்கும். உடம்பில் அந்த உப்பு குறைந்து துவண்டு கிடப்பவர்களுக்கு அதைச் சலைன் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதே மருந்து அவசரமாக ரத்தத்தில் இறங்கினால் இதயம் நின்றுவிடும். மருந்தும் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான், வேகம் மட்டும்தான் வேறு.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். பெண்கள் வார்டில் இருக்கிறேன். அந்த ஆம்பியூலை மற்ற மருந்துகளோடு சேர்த்து வைக்க விடமாட்டேன். அதற்குத் தனி டப்பா, மேலே சிவப்பு ஸ்டிக்கர், ஒரு பூட்டு. எடுக்கும்போது பக்கத்தில் இன்னொரு நர்ஸ் நின்று லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். நோயாளியின் பெயரை நாமே சொல்லி நீதானே என்று கேட்கக்கூடாது. மயக்கத்தில் கிடப்பவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். அவர்கள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஒழுங்காகச் சிறுநீர் போகிறதா என்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். இதற்கெல்லாம் என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் என்னை வைத்துச் சிரிப்பார்கள். என் கல்யாணத்தில் தாலியைக்கூட ரெண்டு பேர் படித்துப் பார்த்த பிறகுதான் கட்டவிட்டிருப்பேன் என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் சாவியைத் தரமாட்டேன்.

அந்தப் பெண் ரிஷிவந்தியத்தைத் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். களை எடுக்கிற, நடவு நடுகிற கூலிக்காரி. வாந்தியும் பேதியும் நிற்காமல் போய், படுக்கையில் காலைத் தூக்கச் சொன்னால் பாதத்தை மட்டும் அசைத்தாள். கூட வந்தது அவள் புருஷன் மட்டும்தான். அவரும் கூலிதான், ஒருவருடைய கரும்புக்கும் நெல்லுக்கும் தண்ணீர் கட்டுகிற வேலை. எந்நேரமும் சேற்றில் நின்று அவர் விரலிடுக்கெல்லாம் வெளுத்துக் கிடந்தது. ஆட்டோவிலிருந்து பொண்டாட்டியைத் தன் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஸ்ட்ரெச்சரைக் காட்டியும் கீழே விடவில்லை. பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதாக யாரும் கேட்காமலே சொன்னார்.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிகவும் குறைவு என்று வந்தது. டியூட்டி டாக்டர் எழுதிக்கொடுத்தபடி நான் பாட்டிலைத் தயார் செய்தேன். கலந்த பிறகு பாட்டிலைக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் நன்றாகக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அடியில் தங்கி முதலில் அதுவே மொத்தமாக இறங்கும். லேபிள் ஒட்டினேன். குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தைத் திருகி, சொட்டுகளை எண்ணி, மெதுவாக வைத்தேன். எண்ணிக்கை சரியாக வந்த பிறகும் இன்னொருமுறை எண்ணினேன். பிறகு அவள் புருஷனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இது சாதா குளுக்கோஸ் இல்லீங்க. மெதுவாத்தான் போவணும். ஆனா முழுசும் உள்ள போயிடணும். ஏதாவதுன்னா என்னைக் கூப்புடுங்க."

அவர் சரிங்க நர்சம்மா என்று தலையாட்டினார். சிலர் தலையாட்டும்போதே காதில் ஏறவில்லை என்று தெரிந்துவிடும். இவர் அப்படியில்லை. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் பத்திரப்படுத்திக்கொண்ட முகம்.

அன்றைக்கு ஊரில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தப்போகிறார்கள். வார்டு ஆயாம்மா ஒவ்வொரு கட்டிலாகப் போய், இன்னும் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விடும், போனுக்குச் சார்ஜ் போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். ஜெனரேட்டர் இருக்கிறது, ஆனால் அது ஓடத் தொடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மாவுக்கு மெஷின் வைத்து மருந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் வார்டில் இருந்தது அந்த ஒரு மெஷின்தான். சுவரில் பிளக் சொருகி, பச்சை விளக்கு எரிய, மருந்தை அதுவே அளந்து தள்ளும். அதன் வயரை அந்தப் பெண்ணின் புருஷன் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த நேரத்தில் கரியாலூரிலிருந்து ஒரு பெண்ணை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். குளவி கொட்டி முகமே அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தது. வார்டின் அந்தக் கோடிக்கு ஓடினேன். அவளுக்கு ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, மூச்சு சீராவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருந்த கட்டிலிலிருந்து குரல் வந்தது. பெரிய அலறல் ஒன்றுமில்லை. கை எரியுது, கை எரியுது என்று ஒரு முனகல். அதன்மேல் அவள் புருஷனின் குரல், கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லி.

பொட்டாசியம் வேகமாகப் போனால் நரம்பு எரியும். வார்டில் ஓடக்கூடாது என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். கட்டில்களுக்கு நடுவே முட்டி மோதிக்கொண்டு ஓடினேன்.

பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் அந்தச் சின்னக் குடுவையில் சொட்டே இல்லை. கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலில் பாதிக்குமேல் காலி. சக்கரத்தை அழுத்தி மூடினேன். மூடிய பிறகும் விரலை எடுக்கப் பயமாக இருந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி மெதுவாக வந்தது. இரண்டு மூன்று அடித்து, ஒன்று வரவில்லை. வராத அந்த ஒன்றுக்காகக் காத்திருந்த நேரத்தை என்னால் இன்றைக்கும் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பிறகு வந்தது.

டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேன். ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஊசி இருந்த கையின் குழாயைச் சலைன் விட்டுக் கழுவக்கூட முடியாது, குழாயில் நிற்கிற மருந்தும் சேர்ந்து உள்ளே போய்விடும். அதை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு மற்ற கையில் புதிதாக நரம்பு தேடினேன். பேதியில் வற்றிப்போன உடம்பில் நரம்பு சுலபத்தில் கிடைக்காது. கட்டினேன், தட்டினேன், தடவினேன். கும்பிடாத சாமியில்லை. ஒரு மெல்லிய நரம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது, ஊசி உள்ளே போய் ரத்தம் வந்தது.

காகிதத்தில் அலைகள் கூர்கூராக எழும்பியிருப்பதைக் காட்டி டாக்டர் கால்சியம் கொடுக்கச் சொன்னார். இதயத்தைக் காப்பாற்றுகிற மருந்து அது. அதையும் மெதுவாகத்தான் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் அதுவே இதயத்தை நிறுத்தும். உடம்பெல்லாம் ஓடு ஓடு என்று துடிக்க, கட்டைவிரல் மட்டும் ஆமையாக நகர வேண்டும். டாக்டர் ஈசிஜியிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றார். நான் ஊசியின் கோடுகளைப் பார்த்துக்கொண்டே அழுத்தினேன். என் விரல் என் பேச்சைக் கேட்குமா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போதுதான் கரண்ட் போனது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. பக்கத்துக் கட்டில் மெஷின் கீச்கீச்சென்று கத்திவிட்டு பேட்டரிக்கு மாறியது. எங்கள் ஈசிஜியும் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் பேசினார். அந்தக் குரலில் கவலையே இல்லை. ஒரு வேலையை நேரத்துக்கு முடித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது.

"நல்ல நேரங்க. கரண்ட்டு போறதுக்குள்ள பாதிக்கு மேல ஏறிப்போச்சு."

எனக்குப் புரிந்த அந்த நொடியில் கோபம் வரவில்லை. குளிர் எடுத்தது. வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை அதுதான். த்ரீ பேஸ் கரண்ட் இருக்கும்போதே மோட்டாரைப் போட்டு, வால்வை முழுசாகத் திறந்து, கடைசி வரப்புவரை தண்ணீரை எட்டவைத்துவிட வேண்டும். கரண்ட் போனால் பயிர் காயும். பக்கத்துக் கட்டில் மருந்து வயரில் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார். மெதுவாகப் போக வேண்டும் என்று நான் சொன்னதும் அவருக்கு நினைவிருந்தது, முழுசும் போக வேண்டும் என்று சொன்னதும் நினைவிருந்தது. கரண்ட் போகப்போகிறது என்றதும் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று நினைத்து, சக்கரத்தை முழுசாகத் திறந்துவிட்டிருக்கிறார்.

அலைகளின் கூர் மெல்ல மழுங்கியது. நாடி தவறாமல் வரத் தொடங்கியது. ஜெனரேட்டர் உறுமி ஃபேன் சுற்றியபோது அவள் கண்ணைத் திறந்து, புழுங்குது என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் இரத்தம் எடுத்து அனுப்பினோம், நெஞ்சில் ஒட்டிய ஈசிஜி வயர்களை எடுக்கவே இல்லை. பொழுது சாயும்வரை டாக்டர் வார்டைவிட்டு நகரவில்லை.

புருஷனிடம் சொல்லவேண்டாம் என்றுதான் கூட இருந்த நர்ஸ் சொன்னாள். பிழைத்துக்கொண்டாள், இனி எதற்கு, மனுஷன் உடைந்துபோவான் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இன்னும் பாட்டில்கள் ஏற வேண்டியிருந்தது. கரண்ட் மறுபடியும் போகும். எனக்கு எல்லாக் கட்டிலிலும் கண் கிடையாது. பயம்தான் என்னைப் பேசவைத்தது, இரக்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் போனேன். வராந்தாவுக்குக் கூட்டிப்போய், அந்தப் பாட்டில் கரண்ட்டில் ஓடவில்லை, உயரத்தில் தொங்குவதால் தானாக இறங்குகிறது, மேட்டுமடையிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் வருவதுபோல என்றேன். அது அவருக்கு உடனே விளங்கியது. பிறகு அந்த மருந்து வேகமாகப் போனால் என்ன ஆகும் என்று சொன்னேன்.

வெளியே மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அப்போ, நானே கொன்னு இருப்பேனாங்க?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாங்க என்றேன்.

அவர் அழவில்லை. உள்ளே வந்து கட்டிலைவிட்டு எட்டவே நின்றார். ஆட்டோவிலிருந்து அவளை இரு கைகளில் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் இப்போது கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். போர்வை விலகிக் கிடந்தது, சரிசெய்யவில்லை. அவள் அவரைப் பார்த்து, இன்னா அங்கியே நின்னுக்கினு இருக்கற என்று கேட்டாள். தண்ணி குடு, வாய் காயுது என்றாள்.

டாக்டர் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். டம்ளர் அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுத்தார், ஊற்றினார். அவள் வாயைத் திறந்து காத்திருந்தாள். அவர் டம்ளரை அவளிடம் கொண்டுபோகாமல் என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே குடுத்துடுங்க நர்சம்மா. எனக்கு எவ்ளோ குடுக்கறதுன்னு தெரியாது."