நிருபமாவின் கையெழுத்து

வெளிநாட்டில் பிறந்து, பல தேசம் சுற்றி, கடைசியில் கன்னடம் பேசக் கற்றுக்கொண்ட டிவி வினாடி வினா அது. அதில் நிருபமாவின் முகம் ஒருநாளும் தெரிந்ததில்லை. கேள்வியும் விடையும் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு புத்தகங்களில் ஆதாரம் வேண்டும் என்பது வெளிநாட்டுக்காரர்கள் வகுத்த விதி. நாலு வருஷத்தில் அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கேள்விகூடத் தப்பானதில்லை. அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த கர்வம்தானே.

அன்று காலைப் படப்பிடிப்பில் போட்டியாளர் ஹொன்னம்மா, சிரா என்ற ஊருக்குப் பக்கத்து அங்கன்வாடி ஊழியர். ஏழு கேள்விகளை ஊதித் தள்ளியவர் எட்டாவதில் மாட்டினார். கன்னடப் பஞ்சாங்கப்படி தீபாவளி எந்த மாதத்தில் வருகிறது? கார்த்திகம் என்றார். தப்பு, ஆஸ்வயுஜம் என்றார் தொகுப்பாளர். அரங்கமே உச்சுக்கொட்டியது. மைக்கைக் கழற்றும்போது, எங்கள் ஊரில் பலி பாட்யமிதானே பெரிய தீபாவளி என்று ஹொன்னம்மா கன்னடத்தில் முணுமுணுத்தது உள்ளறையில் நிருபமாவின் ஹெட்போனில் விழுந்தது.

மூன்று தலைமுறையாக பெங்களூரு என்றாலும் நிருபமாவின் தமிழ் வீட்டில் தீபாவளி ஒரே நாள்தான். விடிவதற்குமுன் எண்ணெய்க் குளியல், லேகியம், பட்டாசு, அதோடு சரி. அந்த நாளை மட்டுமே இரண்டு பஞ்சாங்கத்திலும் பார்த்திருந்தார். கன்னட வீடுகளில் பண்டிகை மூன்று நாள். கடைசி நாளான பலி பாட்யமியில், அதாவது அமாவாசைக்கு மறுநாள், கார்த்திக மாதமே பிறந்துவிடும். ஆக இரண்டு விடையும் சரி. சரியாகச் சொன்னவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது நிருபமாவின் கையெழுத்து.

தயாரிப்பாளர் ராம்கியிடம் ஓடினார். தப்பான கேள்விக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அடுத்த சீசனில் வேலை கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. ராம்கி நல்ல மனுஷன். அதனாலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாரும் கேக்கலையே மேடம். ஆதாரம்தான் ரெண்டு இருக்கே. சும்மா நீங்களே போய் மாட்டிக்காதீங்க."

"நான் கேக்கறேன் ராம்கி. அவங்க சொன்னதும் சரி. பஸ் ஏறறதுக்குள்ள கூப்பிடுங்க. ரிப்போர்ட்ல என் பேரை எழுதிக்கோங்க."

வாசல் கேட் வரை போய்விட்ட ஹொன்னம்மாவைத் திரும்ப அழைத்து வந்தார்கள். தப்பு எங்களுடையது என்று கேமரா முன்னாலேயே தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். ஹொன்னம்மா மேலும் நாலு கேள்விகளைத் தாண்டினார். உள்ளறையில் நிருபமா அழுதபடியே கைதட்டினார். எத்தனையோ பேர் ஜெயித்ததைப் பார்த்தவர்தான், இப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வந்ததில்லை.

சீசன் படப்பிடிப்பு முடிந்தது, ஒப்பந்தப்படி நிருபமாவின் வேலையும் போனது.

அந்தப் பகுதி ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை, அவர் கணவர் ரங்கா, ஜீவனஹள்ளியில் இருந்த தங்கள் வீட்டில் அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூட்டி உட்காரவைத்தார். தொகுப்பாளர் மன்னிப்புக் கேட்ட இடத்தில் எழுந்து நின்று, கன்னடத்தில் ஒருதரமும் தமிழில் ஒருதரமும் சொன்னார்.

"அந்தத் தப்பு என் ஒய்ஃப் பண்ணினது. போய்ச் சொன்னதும் அவதான்."

ரங்கா நாலு பேர் நடுவில் பெருமை பேச ஆரம்பித்தாலே சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பது நிருபமாவின் வழக்கம். அன்று இழுக்கவில்லை.