காலியான பட்டியல்

சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியில், எந்த சர்வர் எங்கே இருக்கிறது என்று மற்ற புரோகிராம்களுக்குச் சொல்லும் பட்டியல் என் பொறுப்பு. ஒவ்வொரு சர்வரும் பத்து நொடிக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்று அதற்குச் செய்தி அனுப்பும். மூன்று முறை வராவிட்டால் பெயரை அழித்துவிடும்படி நான்தான் எழுதியிருந்தேன். பெரிய சாமர்த்தியசாலி!

ஒரு மத்தியானம் திரையில் பெயர்கள் மளமளவென்று மறைந்து பட்டியலே காலியானது. எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று எங்கள் சர்வர்களை நம்பித்தான் ஆஸ்பத்திரிகள் தேடிக்கொண்டிருந்தன.

"என்னங்க, எல்லாமே செத்துப்போச்சா?" என்று மேலாளர் கத்தினார்.

இந்தக் கேள்வி எனக்குப் பழையது. நான் சிறுமியாக இருந்தபோது, சவுதியிலிருந்து வாப்பா வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் நாகூர்த் தெருமுனை போன் கடைக்குக் கூப்பிடுவார். ஒரு மழைக்காலத்தில் மூன்று வெள்ளிக்கிழமை கூப்பிடவில்லை. செத்துப்போய்விட்டாரோ என்று பயந்தேன். வெளிநாட்டில் ஆளிருக்கும் மற்ற வீடுகளிலெல்லாம் உம்மா விசாரித்துவிட்டு வந்தார்.

"யாருக்கும் போன் வரலையாம் புள்ள. எல்லாரும் ஒண்ணா மவுத்தாயிடுவாங்களா? நம்ம லைன்லதான் கோளாறு."

அது நினைவுக்கு வந்ததும் இணைப்பைச் சோதித்தேன். சர்வர்கள் நன்றாகத்தான் ஓடின. பட்டியலுக்கு வரும் இணைப்புதான் அறுந்திருந்தது. உயிரோடு இருந்தவற்றை அழித்தது நான். பழைய பட்டியலைத் திரும்பப் போட்டேன். நிறைய சர்வர்கள் ஒரே நேரத்தில் பேசாமல் போனால் எதையும் அழிக்காதே என்றும் எழுதினேன்.

இணைப்பு வந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. எல்லாம் மறுபடி பேசுகின்றனவா என்று பெயர் பெயராக எண்ணினேன்.

நாகூரில் லைன் சரியானதும் எல்லா வீட்டுக்கும் போன் வந்தது, எங்கள் வீட்டைத் தவிர.