சுவருக்கு வந்த பாஸ்

இந்த மாதம் என்னென்ன புதுப்படம் வருகிறது என்று என் மகள் ஃபோனில் தேடி எடுத்து, ஒவ்வொரு போஸ்டரையும் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். கதை சொல்லச் சொல்வாள். படம் இன்னும் வந்தே இருக்காது. ஆனாலும் நான் சொல்லிவிடுவேன். கதாநாயகன் சட்டையில் எத்தனை பொத்தான் கழன்றிருக்கிறது, பின்னால் நிற்பவர்களில் கறுப்புக் கண்ணாடி யார், மழை பெய்கிறதா, ரயில் வருகிறதா என்று பார்த்தாலே பாதிக் கதை வந்துவிடும். நான் சொல்லும் கதை பல சமயம் தியேட்டரில் ஓடுவதைவிட நன்றாக இருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து. இந்தப் பழக்கம் என் மாமாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் கற்றுக்கொடுக்கவெல்லாம் இல்லை. அவர் பொய் சொன்னார், நான் நம்பினேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்தது. வீட்டை ஒட்டியே அப்பாவின் சைக்கிள் கடை. சாலையைப் பார்த்த எங்கள் பக்கச் சுவரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் இருந்த ஒரு தியேட்டரின் போஸ்டரை ஒட்டுவார்கள். மாதத்துக்கு மூன்று, நான்கு புதுப்படம். வியாழக்கிழமை சாயங்காலம் பசை வாளியோடு போஸ்டர்கார அண்ணாச்சி வந்து பழையதன் மேலேயே புதியதை ஒட்டிவிட்டு, சுவர் கொடுத்ததற்காக அப்பாவிடம் ஒரு ரோஸ் நிறச் சீட்டைக் கொடுப்பார். அதுதான் பாஸ். வெள்ளிக்கிழமை மாட்டினிக்கு இரண்டு பேர் போகலாம், கடைசி வரிசையில் உட்கார வேண்டும். தெருவில் சுவர் வைத்திருந்த எல்லோரும் இப்படித்தான் படம் பார்த்தார்கள்.

எங்கள் அப்பா மட்டும் பார்க்கவில்லை. சினிமாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் அவர். கோயில் கொடை விழா நோட்டீஸைக்கூட அந்தச் சுவரில் ஒட்டவிடாமல் பிரஷ்ஷும் கையுமாகக் காவல் காத்தவர். அவர் எப்படித் திடீரென்று போஸ்டருக்கு இடம் கொடுத்தார் என்று தெருவே ஆச்சரியப்பட்டதாம். பாஸ் வந்ததும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடை மேசையில் போட்டு, மேலே ஒரு ஸ்பானரை வைப்பார்.

"யாருக்கும் வேண்டாம்னா மாப்ள எடுத்துக்கிடட்டும்" என்பார்.

மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் மாமாவை. அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தார், அல்லது படிப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வயதில் எனக்குத் தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ஒரு தங்கை உண்டு. நான் பால்குடி மறக்கும் முன்பே, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டவர். அன்றிலிருந்து அப்பா பாலத்தைத் தாண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் கிடைக்கிற டியூபுக்கும் பெடலுக்கும் பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்குப் போய் வருவார். ஏனென்று கேட்டால் அங்கே சரக்கு சுத்தம் என்பார். அத்தை என்று ஒருவர் இருப்பதையே யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மாமா தலை சீவி, பவுடர் போட்டு, பாஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அதற்குள் பாஸின் பின்பக்கத்தில் நான் ஏதாவது வரைந்திருப்பேன். சாயங்காலம் தலை ஈரமாகத் திரும்பி வருவார். தியேட்டரில் ஒரே வேக்காடு, வியர்வை என்பார். துண்டும் ஈரமாக இருக்கும். அதுவும் வியர்வைதான் என்று நான் நம்பினேன். பிறகு அம்மாவும் நானும் முன்னால் உட்கார, அவர் கதை சொல்லுவார். என்ன கதை! இரட்டைப் பிறவிகள் ஆற்றில் பிரிவார்கள், வில்லன் செத்துப் பிழைப்பான், நாய் கோர்ட்டில் சாட்சி சொல்லும். அம்மா தலையைக் குனிந்துகொண்டே வெங்காயம் உரிப்பாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடத்தில் எனக்குத்தான் மவுசு. வகுப்பே சுற்றி உட்காரும். உப்புப் போட்ட மாங்காய்க் கீற்று, அரைநெல்லிக்காய் எல்லாம் என் மடிக்கு வரும். மாமாவின் கதையோடு நான் கொஞ்சம் சண்டையும் சேர்த்துச் சொல்லுவேன். இப்படி ராணி மாதிரி இருந்த எனக்கு, என் பெஞ்சிலேயே இருந்த தபால்காரர் மகள் எமனாக வந்தாள்.

"அந்தப் படத்த நாங்களும் பாத்தோம்ட்டி. அதுல நாயே கெடையாது" என்றாள்.

வீட்டுக்கு ஓடி மாமாவிடம் கேட்டேன். அவர் அசரவே இல்லை.

"நாய் மொத நாள் மட்டுந்தான் இருந்துச்சு. மறுநாளே வெட்டி எடுத்துட்டாம்லா. பாவம், நல்லா நடிச்சிருந்துச்சு."

இதைத் தபால்காரர் மகளிடம் சொன்னேன். அவள் யோசித்து ஒரு பந்தயம் கட்டினாள். அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளூர் விடுமுறை. அவளுடைய அம்மா எங்கள் இரண்டு பேரையும் புதுப்படத்தின் முதல் நாள் மாட்டினிக்கே கூட்டிப் போவார். அங்கே மாமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதை நான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இனி வகுப்பில் கதை சொல்லக் கூடாது. சரி என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அம்மாவிடம் அனுமதி கேட்டபோது அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. சனிக்கிழமை போனால் என்ன என்றாள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் நல்லது என்றாள். நான் அழ ஆரம்பித்த பிறகு, முன்னால் உட்கார வேண்டும், பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது, பார்த்தால் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பினாள்.

அந்தப் படத்தின் போஸ்டரில் அரிவாளோடு கதாநாயகன், குடையோடு கதாநாயகி, மூலையில் ஒரு யானை. ஆனால் படம் வயிறு வலிக்கிற சிரிப்புப் படம். யானை ஒரு பாட்டுக் காட்சியில் குறுக்கே போனதோடு சரி. இடைவேளையில் விளக்குப் போட்டதும் கண்ணுக்கு ஆகாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் திரும்பினேன். தபால்காரர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினேன்.

மாமா இல்லை. சுவருக்குப் பாஸ் வாங்கியவர்கள் எல்லோரும் இருந்தார்கள், மாமாவைத் தவிர. ஓரத்தில் ஒரு பெண்ணும் அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கையில் பாதி கிழித்த ரோஸ் சீட்டு ஒன்று இருந்தது. அதைத் திருப்பி வைத்துக் கணவரிடம் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பூனைத் தலை. முந்தின நாள் நான் வரைந்த பூனை. வாலும் உடம்பும் கேட்டில் இருந்தவரிடம் போயிருக்க வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. தியேட்டர் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"இது நான் வரஞ்ச பூன! இது எங்க மாமா பாஸு! திருடிட்டீங்களா?"

வரிசையே திரும்பியது. அந்தக் கணவர் பாதி எழுந்துவிட்டார். அந்தப் பெண் என்னையே பார்த்தார். அவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மீசை இல்லாத அப்பா மாதிரி இருந்தார். பிறகு அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது, சத்தமே இல்லை. அப்புறம் மூக்கால் உறுமி உறுமி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆமா ஆத்தா, திருடிட்டேன். போலீசுல சொல்லப் போறியா?" என்று என்னை இழுத்து மடியில் உட்காரவைத்தார். "போன மாசம் மீன் வரஞ்சது நீதானா? அதுக்கு முந்தி கத்தரிக்கா?"

"அது கத்தரிக்கா இல்ல. மயிலு."

மறுபடியும் அதே சிரிப்பு. எனக்கு அவமானமாக இருந்தது, ஆனால் மடி சுகமாகவும் இருந்தது. தபால்காரர் மகளுக்கும் சேர்த்து முறுக்கு வாங்கிக் கொடுத்தார். என் தலையைக் கோதிக்கொண்டே, "ஒங்க அப்பா மொழங்கால் வலி எப்படிட்டி இருக்கு? இப்பமும் குத்தவச்சுத்தான் பஞ்சர் ஒட்டுதாவளா?" என்று கேட்டார். திருடப் போகிறவர்கள் வீட்டை நன்றாக விசாரித்து வைத்திருப்பார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். விளக்கு அணைவதற்குள், "என்னயப் பாத்தத வீட்டுல சொல்லாத, என்ன" என்றார். திருடர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் அப்பா கடையைப் பூட்டிவிட்டுச் சீக்கிரமே தோசை சாப்பிட உட்கார்ந்திருந்தார். மாமா ஈரத் தலையோடு வந்து கதையைத் தொடங்கினார். தாயை இழந்த யானை, அரிவாள் வைத்திருக்கும் கதாநாயகனை அண்ணனாக ஏற்றுக்கொள்கிறது என்கிற இடம் வரை நான் பொறுத்துக்கொண்டேன்.

"அப்படி யானையே கெடையாது" என்றேன். "நான் போயிருந்தேன். நீங்க அங்கன இல்ல. ஒரு அம்மா உங்க பாஸத் திருடிட்டு வந்து உக்காந்திருந்தாவ. அப்பா மாதிரியே மூக்கு. அப்பா மொழங்கால் பத்தியெல்லாம் கேட்டாவ."

மாமா திறந்த வாயை மூடவில்லை. அம்மா தோசையைத் திருப்ப மறந்து, கருகல் வாடை வந்தது. இரண்டு பேரும் அப்பாவையே பார்த்தார்கள். அப்பா சட்னியை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"சிரிப்புப் படமா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அவ சிரிச்சாளா?"

பெரியவர்களை அவள் இவள் என்று சொன்னால் தலையில் குட்டுகிற அப்பா, அவள் என்றார். திருடிக்கு எதற்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். மூக்கால் உறுமிச் சிரித்தார் என்று செய்தும் காட்டினேன். அப்பா தட்டைப் பார்த்தபடியே இன்னொரு தோசை கேட்டார். அப்புறம் இன்னொன்று. கருகியதையும் சாப்பிட்டுவிட்டார்.

அடுத்த வியாழக்கிழமை போஸ்டர்கார அண்ணாச்சி பக்கச் சுவரில் ஒட்டி முடித்ததும் அப்பா அவரைக் கூப்பிட்டார்.

"முன்பக்கச் சொவரும் சும்மாத்தான கெடக்கு வே. அதுலயும் ஒண்ணு ஒட்டிக்கிடும். பாஸ் ரெண்டாக் குடும்."

அது அப்பா பொங்கலுக்குப் பொங்கல் தன் கையால் வெள்ளை அடிக்கிற சுவர். அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். அப்பா ஒரு பாஸை வழக்கம்போல ஸ்பானருக்கு அடியில் வைத்தார். இன்னொன்றை என் கையில் கொடுத்து, வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மாமாவோடு போகச் சொன்னார்.

"கடைசி வரிசைல போய் அவ பக்கத்துல உக்காரு. எப்படி இருக்கான்னு வந்து சொல்லு."

படம் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. திருடியைக் கண்காணிக்க அப்பா என்னை அனுப்புகிறார் என்று பெருமையில் நெஞ்சு விம்மியது. அதன் பிறகு வந்த புதுப்படங்கள் பலவற்றை நான் அந்தத் திருடியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தேன். அவர் கணவர் பேசவே மாட்டார், கடலை உரித்து எங்கள் இரண்டு பேர் கையிலும் மாறி மாறி வைத்துக்கொண்டிருப்பார். இருட்டைக் கண்டால் தூங்கிவிடுகிற மாமா, பாஸைக் கொடுத்துவிட்டு ஆற்றில் குளிக்கிற சுகம் போயிற்றே என்று குறட்டை விடுவார். வகுப்பில் இப்போது நான் நிஜக் கதையைச் சொன்னேன். நாய் வந்த கதை மாதிரி இல்லை என்று மாங்காய் வரத்து குறைந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்பார். சிரித்தாளா? நான் சிரித்தார் என்பேன். அவ்வளவுதான் விசாரணை.

மழைக்காலத்தில் ஒரு படம் வந்தது. போஸ்டரில் ஓர் அண்ணன் தலையில் சீர்ப் பெட்டியைச் சுமந்துகொண்டு வரப்பில் நடந்து வந்தான். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. ஆனால் என் பக்கத்தில் இருந்தவர் அழுத மாதிரி ஒருவரும் அழவில்லை. சண்டைக் காட்சியில் அழுதார். இடைவேளையில் எல்லோரும் முறுக்குத் தின்றபோதும் அழுதார். கணவர் உரித்த கடலை அவர் கையிலேயே நமத்துப்போனது.

"சிரிச்சாளா?" என்று அப்பா கேட்டார்.

"இல்லப்பா. அழுதாவ. இண்டர்வல்லயும் அழுதாவ."

அப்பா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். அதை எடுத்துக் குடிக்கவே இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை. கடை திறக்கிற நேரத்தில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தன் சைக்கிளுக்குத் தானே காற்றடித்தார். அம்மா உடன்குடிக் கருப்பட்டி ஓலைக்கொட்டானையும் ஒரு தார் பழத்தையும் கேரியரில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினாள். அப்பா ஏறி உட்கார்ந்து, வலப்பக்கம் திருநெல்வேலிச் சாலைக்குத் திரும்பாமல், இடப்பக்கம் பாலத்தைப் பார்த்துத் திருப்பினார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவ்வளவு மோசமான படத்தைப் போட்டதற்காக அப்பா தியேட்டர்காரரோடு சண்டை போடப் போகிறார். முதலில் கருப்பட்டியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் பிறகு திட்டுவார் போல. சண்டை வந்தால் போஸ்டர் நின்றுபோகும். பாஸ் நின்றுபோகும். இனி அந்த மடி கிடையாது, உறுமல் சிரிப்பு கிடையாது. எல்லாம் நான் சொன்ன ஒரு சொல்லால் வந்த வினை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாமா அவள் பக்கத்தில் நின்று, தாயை இழந்த யானைக்கு அண்ணன் கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். இவர்களை நம்பிப் பயனில்லை என்று நான் செருப்புக்கூடப் போடாமல் சாலையில் இறங்கி, பாலத்தைப் பார்த்துப் போகிற சைக்கிளின் பின்னால் ஓடினேன்.

"அப்பா, சண்ட போடாதீங்க! படம் நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு!"