வைத்த ஓட்டை

வாயை ஆவென்று திறந்தபடி வாளித் தண்ணீருக்குள் முகத்தை முக்குகிறார் முதலை வாத்தியார். மூன்று எண்ணுவதற்குள் புரையேறி, இருமிக்கொண்டு நிமிர்கிறார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. முன்வரிசைப் பிள்ளைகள் முன்கூட்டியே காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். நனைந்து பழகியவர்கள்.

"பாத்தீங்கல்ல? எனக்கு வால்வு இல்ல. முதலைக்குத் தொண்டையில ஒரு மூடி இருக்கு. தண்ணிக்குள்ள வாயைப் பொளந்து இரையைப் புடிக்கும், தொண்டைக்குள்ள ஒரு சொட்டு போகாது. இதெல்லாம் தானா வருமா? மேல இருக்கற மேஸ்திரி பாத்துப் பாத்துப் பண்ணியிருக்காரு."

வாரத்தில் ஆறு நாள் குழாய் ரிப்பேர். ஞாயிறு காலை மட்டும், பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கடவுளைப் பற்றிச் சொல்லித் தருகிறார். மயிலும் மானும் இருக்க ஏன் முதலை என்று, மகளை வகுப்பில் விடப் போன நான் ஒருமுறை கேட்டேன்.

"அழகா இருந்தா யாரு வேணா புகழ்வாங்க சார். வேலைய பாக்கணும்னா முதலையத்தான் பாக்கணும்."

நேரில் பார்த்திருக்கிறீர்களா என்றேன். "எதுக்கு வம்பு" என்றார். எல்லாம் நூலகத்துப் புத்தகத்தில் படித்ததுதான். வால்வு வருகிற பக்கங்களில் மட்டும் கிரீஸ் விரல் பதிந்திருக்கும்.

அந்த அறையில் ஒரே சட்டம். கேள்வி இருந்தால் கையைத் தூக்க வேண்டும், பதில் கிடைக்கும்வரை இறக்கக் கூடாது. "பாதியில இறக்கினா கேள்வி செத்துப் போயிடும்" என்பார். ஒரு பொடியன், முதலைக்கு ஏன் பல் விளக்கத் தெரியாது என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் கையைத் தூக்கிக்கொண்டே வகுப்புக்கு வந்தான்.

சென்ற ஞாயிறு நான் வாசலில் நின்றிருந்தபோது, வாளிப் பாடம் முடிந்து முதலையின் இதயத்துக்கு வந்தார். அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களைக் கரும்பலகையில் வரைந்து, நடுவே சாக்பீஸால் ஒரு புள்ளி குத்தினார்.

"இங்க ஒரு சின்ன ஓட்டை. முங்கியிருக்கும்போது ரத்தத்தைத் திருப்பி விடறதுக்கு. ஓட்டைன்னதும் பழுதுன்னு நினைக்காதீங்க. வச்ச ஓட்டை வேற, விழுந்த ஓட்டை வேற. நாப்பது வருஷமா குழாய் பாக்கறேன், தொட்டாலே சொல்லிடுவேன்."

ஜன்னலோரத்தில் தையல்காரரின் மகள் கையைத் தூக்கினாள். ஒன்பது வயதிருக்கும்.

"என் தம்பிக்கும் நெஞ்சுல ஓட்டை இருக்கு சார். புதன்கிழமை ஆபரேஷன். அது வச்சதா, விழுந்ததா?"

வாத்தியார் அவள் பக்கம் திரும்பினார். "டாக்டருங்க நல்லபடியா அடச்சிடுவாங்கம்மா."

"அது தெரியும் சார். வச்சதா விழுந்ததான்னுதான் கேட்டேன்."

வைத்தது என்றால் அந்த மேஸ்திரியோடு அவள் இனிப் பேசமாட்டாள். விழுந்தது என்றால், அப்போது அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்பாள். இரண்டும் வாத்தியாருக்கும் தெரிந்துதான் இருந்தது. சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"தெரியலம்மா" என்றார்.

அவள் கை இறங்கவில்லை. சட்டம் அவர் போட்டதுதானே. பிள்ளைகள் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். மீசை இன்னும் காயாத வாத்தியார் பலகையை விட்டு நடந்து வந்து, அந்தக் குட்டி பெஞ்சில் அவள் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். கரும்பலகையைப் பார்த்தபடி தன் கையையும் தூக்கினார்.