பனிக்குக் கொடுத்த ஆறு மணி நேரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதிலும், என் கணக்கை யாராவது சந்தேகப்பட்டால் போதும். கனடாவின் மொன்றியலில் இருபது வருஷமாகப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். துருவப் பனியின் மேல் நிற்கும் ஆய்வு நிலையங்களுக்குக் கால்கள் வடிவமைப்பது என் வேலை. கால் என்றால் நிஜமாகவே கால்தான். வருஷா வருஷம் விழும் பனி கட்டடத்தைப் புதைத்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு காலாகத் தூக்கி, அடியில் பனியை நிரப்பி மிதித்து இறுக்கி, மறுபடி ஊன்ற வேண்டும். இறுக்கிய பனி சிமென்ட் மாதிரி. கொஞ்ச நேரம் சும்மா விட்டால்தான் கெட்டிப்படும். அதன் பிறகு காலின் மேல் பாரத்தை இறக்குவார்கள். கடைசியில் ஒருவர் காலைச் சுற்றித் தோண்டிய குழிக்குள் இறங்கிப் படுத்து, காலைத் தூக்கும்போது போட்ட பூட்டு ஆணியைக் கழற்ற வேண்டும்.

அந்த வருஷம் தென்துருவத்துக்குப் போய் அந்தக் குழிக்குள் இறங்கும் வேலை எங்கள் நிறுவனத்தில் சேர்ந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு வந்தது. அதற்கு முன் பல வருஷம் மொன்றியல் துறைமுகத்தில் கிரேன்களின் ஹைட்ராலிக் பழுது பார்த்தவர். பட்டம் எதுவும் இல்லை, ஆனால் கையில் வித்தை இருந்தது. புறப்படுவதற்கு முந்தின வாரம் என் மேஜைக்கு வந்து, இறுக்கிய பனியை ஆறு மணி நேரம் விட வேண்டும் என்று நான் எழுதிய செய்முறைத் தாளைக் காட்டினார்.

"அங்கை குளிர் கூட எல்லோ, தங்கச்சி. உந்த ஆறு மணித்தியாலம் காணுமோ?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஆய்வகக் குளிர் அறையில், மைனஸ் பத்தில், பனியை நசுக்கி நசுக்கிச் சோதித்து எடுத்த ஆறு மணி அது. குளிர் கூடினால் பனி இன்னும் கெட்டியாகத்தானே இருக்கும்? மதுரை வெயிலில் வளர்ந்த புத்தி அப்படித்தான் நினைத்தது. கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறேன், தாளில் இருப்பதைச் செய்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். அவர் "ஓம்" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை. மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். மைனஸ் இருபத்தெட்டு. மூக்குமுடி உறைகிற குளிர். முந்தின நாள் சாயங்காலம் நானே அள்ளி, மண்வாரியால் தட்டி வைத்திருந்த குவியல் கராஜ் ஓரமாக நின்றது. வழக்கம்போல அதில் மண்வாரியின் காம்பைக் குத்தினேன். கெட்டிப்பட்டிருந்தால் காம்பு இரண்டு விரலுக்கு மேல் போகாது. அன்று ஒரு முழம் இறங்கியது. இழுத்தால் உள்ளே எல்லாம் ரவையாகக் கொட்டுகிறது. ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்த பனி.

பனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் குவியல் கெட்டிப்படும். குளிர் கூடக்கூட அந்த ஒட்டல் மெதுவாகும். இது நான் படிக்காதது இல்லை. படித்ததை அந்த நேரத்தில் என் தலைக்கனம் மறைத்துவிட்டது. நிலையத்தில் மைனஸ் முப்பத்தைந்து. மூன்றாம் காலின் அடியில், எங்கள் நேரப்படி அன்று விடிகாலையில் பனி நிரப்புவார்கள் என்று வேலை அட்டவணையில் பார்த்திருந்தேன்.

பூட்ஸோடு வீட்டுக்குள் ஓடி நிலையத்துக்குப் போன் போட்டேன். இணைப்பு கிடைக்கவில்லை. எங்கள் அலுவலகத்தின் அவசர எண்ணில் இருந்தவர், எழுத்தில் அனுப்புங்கள், மேலே காட்டுகிறேன் என்றார். அவரிடம் கத்தினேன், வைத்துவிட்டார். அடுத்து அண்ணாவின் மனைவியைக் கூப்பிட்டேன். அவர் ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் மெசேஜ் போட்டவர், ஆறு மணித்தியாலம் முடிஞ்சுது, குழிக்கை இறங்கப்போறன் எண்டு" என்றார். பிறகு என் குரலில் இருந்த பதற்றம் உறைத்திருக்க வேண்டும். "ஏன், என்ன?"

என் கணக்கு தப்பு, இறங்க வேண்டாம் என்று உடனே எழுதுங்கள் என்றேன். எழுதுகிறேன் என்று போனை வைத்தார். ஆனால் குழிக்குள் இறங்குகிறவர் போனை எடுத்துப் பார்ப்பாரா?

நாலாவது முறை நிலையத்தில் மணி அடித்தது. எடுத்தவர் சமையல்காரர், பிரெஞ்சு பேசும் கியூபெக் ஆள். எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில், மூன்றாம் காலின் குழியில் இருப்பவரை வெளியே இழுங்கள், இப்போதே, என்றேன். ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு அவர் ஓடும் சத்தம் கேட்டது. கதவு அடித்துக்கொண்டது. பிறகு அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் மட்டும். நான் முருகா முருகா என்றுகூடச் சொல்லவில்லை. பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு திடுமென்று ஒரு சத்தம், தட்டுகள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கின மாதிரி. ஹலோ ஹலோ என்று கத்தினேன், அந்தப் பக்கம் யாரும் இல்லை.

கடைசியில் ரிசீவரை யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்கியது.

"நான்தான் கதைக்கிறன், தங்கச்சி."

அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கும்வரை அவர் பொறுத்தார். சமையல்காரர் கத்தியதும் குழியை விட்டு ஏறி நாலு எட்டு வைத்திருக்கிறார், மூன்றாம் கால் ஒரு சாண் இறங்கிச் சாய்ந்துவிட்டது என்றார். அவர் படுத்திருந்த இடத்தில் இப்போது இரும்பு உத்தரம் கிடக்கிறதாம். வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை, கட்டடத்தை மற்றக் கால்கள் தாங்கி நிற்கின்றன என்றார். மனைவியின் மெசேஜை இன்னும் பார்க்கவில்லையாம்.

"நான் அண்டைக்குக் கேட்டனான் தானே."

கோபமே இல்லாமல் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கேட்டீங்கண்ணா. நான்தான் காதுல போட்டுக்கல."

"சரி. இப்ப சொல்லுங்கோ, எத்தினை மணித்தியாலம் விட வேணும்?"

வாயில் ஒரு எண் தயாராக வந்து நின்றது. இருபது வருஷப் பழக்கம். அதை விழுங்கினேன்.

"தெரியாதுண்ணா."

வேலையில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர், குழிக்கு வெளியே பனியை மிதித்து வைத்துவிட்டு, மணிக்கொருதரம் கம்பியால் குத்திப் பார்த்து, எப்போது கெட்டிப்படுகிறது என்று சொல்கிறேன் என்றார். நான் சமையலறை நாட்காட்டியின் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பிப் பேனாவை எடுத்தேன்.

"சொல்லுங்கண்ணா, எழுதிக்கிறேன்."