வேலாயுதம் திறக்காத கோப்பு

ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருஷ வேலை. வேலாயுதத்தின் வாயிலிருந்து யாருடைய நோயும் வெளியே கசிந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மின்தூக்கியில் வைத்து, "எங்க மச்சான் உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு, என்ன கேஸு?" என்று வாயைக் கிளறினால், "மழை வரும் போல இருக்கு" என்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், தன் மகள் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தை மட்டும் பிரித்துப் படித்துவிட்டார்.

மனநல மருத்துவரிடமிருந்து வந்த கடிதம் அது. நிரஞ்சனாவுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மறைப்பது தப்பு என்று அவராகவே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். கல்யாணம் நின்றது. "நான் சொல்ல வேண்டியத நீங்க ஏன்பா சொன்னீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பூன் லேயில் இருந்த வீட்டை விட்டுப் போய், தொலைவில் செம்பவாங்கில் அறை எடுத்துக்கொண்டாள். ஆறு வருஷமாகிறது. நேர்மையாம், பெரிய நேர்மை. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் தேக்கா சந்தையைச் சுற்றிச் சுற்றி வருகிறார். மீன் வாங்க அல்ல. கூட்டத்தில் அவள் முகம் ஒரு தடவையாவது தென்படாதா என்றுதான்.

போன மாதம் ஒரு காலை, அன்றைய நோயாளிகள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. இதயப் பிரிவு, பத்தரை மணி. முப்பத்து நாலு வயதுப் பெண்ணுக்கு இதயத்தில் என்ன? பெயரைத் தட்டினால் போதும், எல்லாம் திரையில் வந்துவிடும்.

பக்கத்து மேசை மங்களத்துக்கு வீட்டுக் கதை தெரியும். "பாத்துடுங்க லா அண்ணே. சொந்த மகதானே, யாரு கேக்கப் போறா?"

"அவ கேப்பா" என்றார்.

இதயப் பிரிவு இருக்கும் மூன்றாம் மாடிக்குப் போய்த் தூர நின்றாவது பார்க்கலாம் என்று மனசு அடித்துக்கொண்டது. பதினோரு மணி தாண்டும்வரை நாற்காலியை விட்டு எழவே இல்லை.

அன்று மாலை ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். "லிஸ்ட்ல உன் பேரு கண்ணுல பட்டுச்சும்மா. ஃபைலத் தொறக்கல. நல்லா இருக்கியா?"

அந்த ஆஸ்பத்திரியில் தன் கோப்பை யார், எப்போது திறந்தார்கள் என்று நோயாளியே கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். நிரஞ்சனா அவர் பேச்சை நம்பமாட்டாள், பார்க்கத்தான் செய்வாள். பார்க்கட்டும் என்று இருந்தார்.

ஒன்பது நாள் கழித்து, வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது பதில் வந்தது. "பாத்தேன். டாக்டர் பேரு இருக்கு, நர்ஸ் பேரு இருக்கு. உங்க பேரு இல்ல."

'என்னம்மா உடம்புக்கு' என்று தட்டிவிட்டு, அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். அதற்குள் இன்னொன்று வந்து விழுந்தது.

"என்னன்னு சொல்றேன்பா. இப்ப இல்ல."

அங்கேயே நாலு பேர் பார்க்க அழுதார்.

அவளுக்கு என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் துடியாய்த் துடிக்கிறார். ஆனாலும் இந்தத் தடவை அவள்தான் சொல்ல வேண்டும்.