ஒத்தப்பாறை மேல் விழுந்த கதை

வாக்கப்பட்ட நாளிலிருந்தே குருவம்மாளுக்குப் புருஷனின் வாய் மேல் நம்பிக்கை கிடையாது. கருத்தப்பாண்டி கெட்டவன் இல்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னால் அவனுக்கே அலுத்துவிடும், அவ்வளவுதான். தேயிலைக்குள் ஒரு காட்டெருமை நின்றதென்றால் சாயங்காலத்துக்குள் அவன் வாயில் அது மூன்றாகி, ஒன்று அவனைத் துரத்தியும் இருக்கும்.

அவன் எஸ்டேட் லயத்தில் பிறந்தவன். கொழுந்துக் கூடை சுமக்கப் பிடிக்காமல், மூணாற்றில் ஆற்றோரமாக இருந்த ஒரு பங்களாவில் பட்லராகப் போய்ச் சேர்ந்தான். துரைமார் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. பங்களாவைக் கோட்டயத்து முதலாளி ஒருவர் வாங்கி, ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். சமையலும் கருத்தப்பாண்டிதான், ஜீப்பில் கூடப்போய் இடம் காட்டுவதும் அவன்தான்.

குருவம்மாள் காந்தலூருக்குக் கீழே இருக்கும் ஒத்தப்பாறைக்காரி. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் சின்ன ஊர். நிலம் வைத்திருக்கிற வீட்டுப் பெண்ணை எஸ்டேட்காரனுக்குக் கொடுப்பதா என்று சித்தப்பா வீரபாண்டி கல்யாணப் பந்தலிலேயே முறைத்துக்கொண்டு நின்றார். அப்பா பெரியமுத்துதான் மாப்பிள்ளையின் பேச்சில் விழுந்துவிட்டார். "கலகலப்பான பய," என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஒத்தப்பாறைக்கு மேலே சரிவில் சில முனியறைகள் உண்டு. நாலு பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைக் கூரையாக மூடிய அறைகள். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மழை பிடித்தால் ஆடு மேய்க்கிறவர்கள் உள்ளே ஒதுங்குவார்கள். பங்களாவுக்கு வருகிறவர்களைக் கருத்தப்பாண்டி அங்கே கூட்டிப் போவான். ஆரம்பத்தில் அவனும் 'தெரியாது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டவர்கள் படம் எடுத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

எழுபத்து மூன்றிலோ நாலிலோ ஒரு வெள்ளைக்காரி விடாமல் கேட்டாளாம். அவன் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: வேலை செய்ய முடியாமல் போன கிழவன் கிழவிகளை இந்த ஊர்க்காரர்கள் ஒரு கலயம் கஞ்சியோடு உள்ளே உட்காரவைத்து, கல்லை வைத்து மூடிவிடுவார்கள், அவர்கள் பாட்டன் காலம் வரைக்கும் நடந்தது. வெள்ளைக்காரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். போகும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதற்குப் பிறகு ஜீப் ஏறுகிற எல்லோருக்கும் அதே கதைதான். எந்த ஊர் என்று கேட்டால், கீழே தெரிகிற ஓட்டுக் கூரைகளைக் கை காட்டுவான். அதில் ஒரு கூரை அவன் மாமனார் வீடு.

இதெல்லாம் குருவம்மாளுக்குத் தெரியாது. அவள் பங்களா துணிமணியைத் துவைத்துக்கொண்டு பின்கட்டில் இருந்தாள்.

பிறகு ஏசுரத்தினம் வந்தார். பாளையங்கோட்டைக்காரர், சீமையில் படித்துக்கொண்டிருந்தார். மலை ஜனங்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி எழுதுவதுதான் அவர் படிப்பு. மூன்று மாதம் பங்களாவில் தங்கி, கருத்தப்பாண்டியோடு ஜீப்பில் முனியறைப் பக்கம் போய்வந்தார். மேசையில் சாப்பிட மாட்டார். அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குருவம்மாள் வைக்கிற புளிக்குழம்பை உறிஞ்சிக் குடிப்பார். நல்ல மனுஷன் என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஒருநாள் அவர் கேட்டார்: "உங்க ஊர்ல வயசானவங்கல்லாம் எப்படிம்மா சாவாங்க?"

"எல்லாரும் சாகிற மாதிரிதான் சார்."

"உங்க தாத்தா?"

அவளுக்குத் தாத்தா சங்கையா நினைவுக்கு வந்தார். அடைமழையில் ஆட்டைத் தேடிப் போனவர் திரும்பவில்லை. மறுநாள் முனியறைக்குள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி விறைத்துக் கிடந்தார். அப்போது அவளுக்கு எட்டு வயது. அந்தக் கதையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவரும் இல்லை. ஏசுரத்தினத்திடம் சொன்னாள், சொல்லும்போது அழுதுவிட்டாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் தை மாதம் ஒரு மத்தியானம், பெரியமுத்துவும் வீரபாண்டியும் மூணாற்றுக்கு வந்து நின்றார்கள். வருவதாகச் சொல்லிவிடவில்லை. குருவம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"உக்காருங்கப்பா. தண்ணி குடிங்க."

"இந்த வீட்டுத் தண்ணி வேண்டாம்," என்றார் பெரியமுத்து.

வீரபாண்டி மடியிலிருந்து ஒரு மலையாள வாரப் பத்திரிகையை எடுத்து அடுப்பு மேடையில் போட்டார். அதில் முனியறைக்குப் பக்கத்தில் பெரியமுத்து தலைப்பாகையோடு நிற்கிற படம். ஏசுரத்தினம் எடுத்தது. படத்துக்காக அன்றைக்கு மனுஷன் மீசையைக் கூட நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மறையூர்ப் பள்ளிக்கூட வாத்தியார்தான் அதை அவர்களுக்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார். கிழடுகளைக் கல்லுக்குள் வைத்து மூடிய ஊர் ஒத்தப்பாறை என்று ஏசுரத்தினம் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாராம்.

"மூக்கம்மாளுக்கு மாப்பிள்ளை பேசின போடிக்காரன் நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிட்டான்," என்றார் வீரபாண்டி. மூக்கம்மாள் குருவம்மாளின் தங்கை. "பெத்தவங்கள உயிரோட மூடுற வீட்ல பொண்ணெடுத்தா நாளைக்கு எங்களுக்கும் அதுதானேன்னு கேக்கான். உடுமலைச் சந்தையில பூண்டு மூட்டைய இறக்க முடியல. 'கல்லுமூடி வந்துட்டான்'னு கூப்பிடுதானுக."

கருத்தப்பாண்டி கை துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். பத்திரிகையைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் சிரித்தான்.

"அது வெளியூர்க்காரங்களுக்குச் சொல்ற கதை மாமா. கேட்டுட்டு அவங்க அவங்க ஊருக்குப் போயிருவாங்க. இதுக்குப் போய்..."

"போடிக்காரன் கேட்டுட்டுச் சும்மா போகலயே," என்றார் பெரியமுத்து.

குருவம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் கண் அவளை விட்டு விலகி ஓடியது. அவள் கையிலிருந்த சொம்பு தானாகவே பறந்தது. அவன் தோளில் பட்டு, தண்ணீர் முழுக்கப் பத்திரிகை மேல் கொட்டியது. அவன் சிரிப்பு நின்றது.

"அவனை மட்டும் குத்தம் சொல்லாத," என்றார் வீரபாண்டி அவளிடம். "'என் தாத்தாவும் அந்தக் கல்லுக்குள்ளதான் முடிஞ்சார்'னு அந்த ஊர்ப் பொம்பள ஒருத்தி அழுதுக்கிட்டே சொன்னாளாம். அதுவும் போட்டிருக்கு."

பெரியமுத்து மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொன்னியா?"

அவள் சொன்னதுதான். மழையையும் ஆட்டையும் சேர்த்துத்தான் சொன்னாள். அச்சில் மழையும் இல்லை, ஆடும் இல்லை. அதை அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்து அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் படி இறங்கிவிட்டார்.

அவள் அன்றைக்கே துணியை மூட்டை கட்டிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனாள். மறையூர் வரை பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒத்தப்பாறையில் அவளை யாரும் வா என்று சொல்லவில்லை. தங்கை மூக்கம்மாள் அவளைக் கண்டதும் எழுந்து மாட்டுக் கொட்டத்துக்குப் போய்விட்டாள்.

பூண்டு பிடுங்குகிற சமயத்தில் ஏசுரத்தினம் மறுபடியும் பங்களாவுக்கு வந்தார். மீதி வேலையை முடிக்க ஒத்தப்பாறைக்கே வருவதாக அவர் சொன்னாராம். குருவம்மாள் கருத்தப்பாண்டிக்கு ஆள் விட்டாள்: அந்த ஆளோடு நீயும் வந்து ஊர் முன்னால் உண்மையைச் சொல்லாவிட்டால், நான் பங்களா வாசலில் வந்து நின்று சொல்வேன் என்று. முதலாளி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அவன் வந்தான்.

மாரியம்மன் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. பூண்டுக் காட்டிலிருந்து அப்படியே வந்தவர்கள். கையில் களைக்கொத்தும் அரிவாளும் இருந்தன. கருத்தப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சார், அது நானா கட்டிவிட்ட கதை. இந்த ஊர்ல அப்படி ஒண்ணும் நடக்கல. வர்றவங்க கேட்கிறாங்கன்னு சொன்னேன்."

வாழ்க்கையில் அவன் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன பேச்சு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஏசுரத்தினம் பொறுமையாகக் கேட்டார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அரிவாள்களையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "கருத்தப்பாண்டி, உங்களை இப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். இதுதான் நிசம்."

"பயப்படாதீங்க. இங்க யாரையும் நான் குற்றம் சொல்ல வரல. பழைய வழக்கத்தை வெளியாள்கிட்ட ஒத்துக்கிறது எந்த ஊருக்கும் கஷ்டம். உலகம் பூரா இப்படித்தான். மறைக்கிறதைப் பார்த்துத்தான் நடந்திருக்குன்னு நாங்க தெரிஞ்சுக்குவோம்." அவர் குருவம்மாள் பக்கம் திரும்பினார். "உங்க தாத்தாவைப் பத்தி நீங்களே சொன்னீங்களேம்மா. அழுதீங்களே."

"மழைக்கு ஒதுங்கினாருன்னு சொன்னேன்."

"உங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. நீங்க அப்ப சின்னப் பிள்ளை."

அவருடைய குரலில் கேலி இல்லை. இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது. இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் அது ஆமாம் என்றுதான் அவர் காதில் விழும் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்கள் வந்த ஜீப்பிடம் போனாள். கையிலிருந்த களைக்கொத்தால் முன்விளக்கை ஓங்கி அடித்தாள். கண்ணாடி நொறுங்கியது. அப்புறம் மற்றவர்களும் கை வைத்தார்கள். ஏசுரத்தினத்தின் மேல் யாரும் கை வைக்கவில்லை. அவர் கோயில் தூணோரம் வெளிறிப்போய் நின்றார். கருத்தப்பாண்டி எப்போது நழுவினான் என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் போலீஸ் வந்து வீரபாண்டியைக் கூட்டிப் போய்ச் சாயங்காலம் விட்டது. அவர் குருவம்மாளிடம் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அதே பத்திரிகையில் இன்னொரு கட்டுரை வந்தது. ரகசியத்தைக் காக்க ஆயுதம் தூக்கிய ஊர் என்று. அதைப் படித்துவிட்டு, முன்னால் வராதவர்களும் வந்தார்கள். கொச்சியிலிருந்தும் வந்தார்கள், கோயம்புத்தூரிலிருந்தும் வந்தார்கள். முனியறையைப் பார்த்துவிட்டு ஊருக்குள் இறங்கி வருவார்கள். வயசானவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தால் நின்று படம் எடுப்பார்கள். ஊரில் கிழடுகள் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

சாந்தம்மாள் என்று ஒரு கிழவி, பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். அவளை அவள் மகன் வெயில் காய வெளியே தூக்கி வைத்திருந்தான். ஒரு கூட்டம் வந்து நின்றது. அதில் ஒருவர் ஏதோ கேட்க, கூட வந்த வழிகாட்டி அதைத் தமிழில் மகனிடம் கேட்டான்: "இவங்களை எப்ப வைப்பீங்கன்னு கேக்கறாரு."

மகன் அவனைச் சட்டையோடு பிடித்து வாய்க்காலில் தள்ளினான். கிழவிக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றிலிருந்து அவள் மகன் கையால் கஞ்சி வாங்கிக் குடிக்கத் தயங்கினாள் என்று மருமகள் சொல்லி அழுதாள்.

அதைக் கேட்டபோது குருவம்மாள் பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். பெரியமுத்து பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏ, அது என்ன பாவம் செஞ்சது? உன் தாத்தன் உசுரு போன இடம்."

"அது இருக்கிற வரைக்கும் தாத்தாவை உள்ள வச்சு மூடிக்கிட்டேதான் இருப்பாங்கப்பா."

அவள் ஒருத்தியால் கூரைக்கல்லை அசைக்கக்கூட முடியவில்லை. பக்கத்துக் கல்லைத்தான் நெம்பினாள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாந்தம்மாளின் மகன் வந்தான். கடைசியில் வீரபாண்டியும் வந்து, அவளைப் பார்க்காமலேயே அவளுக்கு எதிர்ப்பக்கம் கடப்பாரையைச் செருகினார். இருட்டுவதற்குள் எல்லா அறைகளும் விழுந்தன. உடைந்த பலகைக் கற்களை வாய்க்கால் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். ஆபீசர்கள் இரண்டு பேர் வந்து விசாரித்துப் பார்த்தார்கள். மழையில் விழுந்தது என்று ஊர் மொத்தமும் சொன்னது. அதை அவர்கள் நம்பிக்கொண்டு போனார்கள்.

பார்க்க ஒன்றும் இல்லாததால் ஜீப்புகள் நின்றன. மலைக்கு அந்தப் பக்கம் வேறு முனியறைகள் இருந்தன. இடம் காட்டுகிறவர்கள் அங்கே போனார்கள்.

மழை முடிந்து ஒருநாள் கருத்தப்பாண்டி வந்தான். கையில் ஒரு சேலைப் பொட்டலம். அவள் உருளைக்கிழங்குக் காட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்தாள். அவன் வரப்பில் நின்றான்.

"வீட்டுக்கு வா," என்றான்.

அவள் நிமிரவில்லை.

"இப்ப உங்க ஊர்ப் பேரைச் சொல்றதில்ல. சத்தியமா."

"எந்த ஊர்ப் பேரைச் சொல்ற?"

அவன் பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்தான். பிறகு, "பேரெல்லாம் ஒண்ணும் சொல்றதில்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருன்னு..." என்று இழுத்தான்.

"அந்தப் பக்கமும் வீடு இருக்கு. அங்கயும் பொம்பளப் பிள்ளைக இருக்கு," என்றாள். "போ. இனி இந்த வரப்புல ஏறாத."

அவன் பொட்டலத்தை வரப்பிலேயே வைத்துவிட்டுப் போனான். அவள் அதைத் தொடவில்லை. சாயங்காலம் மூக்கம்மாள் அந்தப் பக்கமாக மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தவள், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். சிவப்புக்கரை போட்ட பச்சைச் சேலை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடுத்த தையில் வட்டவடையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் அவள் போய் அவர்கள் முன்னால் உட்கார்ந்தாள்.